ஐந்தாம் வகுப்புக்கு உடல்நலப் பாடம்: ஒரு பாட்டிலும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் போதும்

கேள்வி: 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல்நலக் கல்வியை 'நகம் வெட்டு, கை கழுவு' என்பதைத் தாண்டி எப்படி நடத்துவது?

ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு வயிற்றுப்போக்கு. இந்த வயதில் பலர் வீட்டில் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிபவர்கள். பள்ளியில் கற்றது அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடும்.

முதல் பீரியடில் 'பாட்டில் பாப்பா': பாட்டிலையே ஒரு கைக்குழந்தையாகப் பாவிக்கும் செய்முறை. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிடுங்கள். விளிம்புக்கு ஒரு விரல் கீழே கண்களுக்கு இரண்டு ஊசித்துளை, நடுவுக்குச் சற்றுக் கீழே சிறுநீருக்கு ஒன்று, அடியை ஒட்டிப் பின்பக்கம் பேதிக்குப் பென்சில் முனை அளவில் ஒன்று. துளைகளை ஆசிரியரே வீட்டில் போட்டுவர வேண்டும். எல்லாவற்றையும் குச்சியால் அடைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, நனைத்த மெல்லிய துணியை நீரில் படும்படி தளர்வாகப் போடுங்கள். அதுதான் உச்சிக்குழி, அதாவது கைக்குழந்தையின் உச்சந்தலையில் உள்ள மெத்தென்ற இடம். துணியை இழுத்துக் கட்டினால் குழி விழாது, வித்தை பாழ்.

இனி எல்லா அடைப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். துணி குழிந்து இறங்கும், கண்ணீர் நிற்கும், பிறகு சிறுநீர் நிற்கும். பின்துளை பெரிதாகிவிட்டால் எல்லாம் நொடியில் முடிந்து யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் விளக்க வேண்டாம். எது முதலில் நின்றது என்று அவர்களே சொல்லட்டும். "இப்ப என்ன செய்யலாம்?" என்றால் "தண்ணி ஊத்தலாம் சார்" என்று ஒரு குரலாவது வரும். பேதியானால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை வீட்டில் இருந்தால், அதைப் பேச இதுதான் நேரம்.

அடுத்த பீரியட் முழுக்க ஓஆர்எஸ், அதாவது பேதியில் இழந்ததை ஈடுகட்ட நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள், அதைக் கலக்கும் அளவு. தவறுகள் நடப்பது இங்கேதான். ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவது சகஜம். பாக்கெட்டில் 200 மில்லி, 1 லிட்டர் என இரண்டு வகை உண்டு. உறையைப் படிக்க வையுங்கள். முழுப் பாக்கெட்டையும் உரிய நீரில் கரைக்க வேண்டும், கலந்தபின் கொதிக்கவைக்கக் கூடாது, 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

பாக்கெட் கிடைக்காத நேரத்துக்கு: 1 லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி. வீட்டுக் கரண்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, இருமல் மருந்து மூடியிலுள்ள 5 மில்லி கோட்டோடு ஒப்பிட்டால் வகுப்பே அதிர்ந்துபோகும். தலைதட்ட ஸ்கேலின் விளிம்பு போதும். உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். சரியான அளவில் இருந்தால், குடலிலிருந்து உப்பை உடல் உறிஞ்சச் சர்க்கரை உதவும். உப்பின் தண்ணீர் பின்னாலேயே போகும். ருசி பார்க்கும்போது கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை பேதி போனபின்னும் இந்தக் கரைசல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதில் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. மலத்தில் ரத்தம், குடிக்க முடியாமை, துவண்டு கிடப்பது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பெரியவர்களைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி. பிள்ளை தானே வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

கை கழுவுவதை இதற்குப் பிறகு எடுத்தால் 'ஏன்' என்ற கேள்விக்கே இடமிருக்காது.

தேர்வில் ஓஆர்எஸ் என்பதன் விரிவைக் கேட்காதீர்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டையும் ஒரு டம்ளரையும் மேசையில் வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். டம்ளரைத் தள்ளிவிட்டு லிட்டர் பாட்டிலைத் தேடுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண்.