மெயில் திரும்பி வருகுதா? முதல்ல நம்பரைப் பாருங்கோ

குழு மெயில் நடத்துற ஆக்களிட்ட இருந்து இந்த முறை வந்த கேள்வியில பாதிக்கு மேல பௌன்ஸ், அதாவது அனுப்பின மெயில் திரும்பி வாறது, பற்றித்தான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்டாச் சேர்த்துப்போட்டன்.

நிலாவெளி வாசகர்: மெயில் திரும்பி வருகுது, என்ன செய்யிறது?

இவ்வளவுதான் கேள்வி. டொக்டரிட்டப் போய் "நோகுது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருந்தா அவர் எங்கயெண்டு பார்க்கிறது? திரும்பி வந்த மெயிலுக்குள்ள மூண்டு இலக்க நம்பர் ஒண்டு இருக்கும், 5ல தொடங்கினா முடிஞ்ச கதை, 4ல தொடங்கினா இப்ப ஏலாது பிறகு வா எண்டு சொல்லுது, உங்கட சேர்வரே நாலஞ்சு நாளைக்கு விட்டு விட்டுத் தட்டிப் பார்க்கும், நீங்க சும்மா இருங்கோ. போன்ல படம் எடுத்து அனுப்புற ஆக்கள் எல்லாரும் மேல் பாதியைத்தான் எடுக்கிறீங்க, நம்பர் கீழ கிடக்கு. முழு மெயிலையும் ஃபோர்வேர்ட் பண்ணுங்கோ.

கிண்ணியா வாசகர்: ஓய்வு பெற்ற சேர் ஒராளுக்கு அனுப்பினா பெட்டி நிரம்பிட்டுது எண்டு வருகுது. பேரை எடுத்துவிடட்டா?

எடுக்காதீங்கோ. ஜிமெயில் சும்மா தாற 15 ஜிபிக்குள்ளதான் போட்டோ, டிரைவ் எல்லாம், பேரப்பிள்ளையின்ர வீடியோ நாலு பக்கப் ஆனாலே காணும். இது சில சேர்வர்ல 452, சிலதில 552 எண்டு வரும், 5ஐக் கண்டவுடன வெட்டாதீங்கோ, பக்கத்தில 5.2.2 எண்டிருந்தா நிரம்பின பெட்டிதான். ஒருக்கா கோல் எடுத்து ட்ராஷையும் காலி பண்ணச் சொல்லுங்கோ.

ஓர்ஸ் ஹில் வாசகர்: எத்தனை தரம் பௌன்ஸ் ஆனா ஆளை நீக்கலாம்?

5.1.1 எண்டா அப்பிடியொரு அட்ரஸே இல்ல. எழுத்துப் பிழையா எண்டு பார்த்துப்போட்டு உடன நீக்குங்கோ. கனடா, லண்டன் போன ஆக்கள் கைவிட்ட கணக்குகள் கனக்க இருக்கு, 2 வருசம் திறக்காததை 2023 டிசம்பர்ல இருந்து கூகிள் அழிக்கத் தொடங்கிட்டுது. செத்த அட்ரசுக்கு விடாம அனுப்பினா உங்கட சேர்வருக்குத்தான் கெட்ட பேர், பிறகு மற்ற ஆக்களுக்குப் போறதும் ஸ்பாமுக்குள்ள விழும்.

உப்புவெளி வாசகர், இன்னும் மூண்டு பேர்: நல்லா ஓடிக்கொண்டிருந்த ஜிமெயில் ஆக்கள் கூட்டமா பௌன்ஸ் ஆகி, மெயில்மேன் (குழு மெயிலை நடத்துற மென்பொருள்) அவைக்கு மெயில் போறதை நிப்பாட்டிப்போட்டுது. அவையில என்ன பிழை?

ஒரு பிழையும் இல்ல! பத்து வருசமா இதைக் கத்திக்கொண்டிருக்கிறன். 2014 ஏப்ரல்ல யாஹூ, தன்ர அட்ரஸைப் போட்டு வாற மெயில் உண்மையில தன்னிட்ட இருந்து வரேல்லையெண்டா வாங்கவேண்டாம் எண்டு டிமார்க்கில (தன்ர பேரில வாற போலி மெயிலை என்ன செய்யிறதெண்டு ஒரு டொமைன் மற்ற சேர்வருகளுக்குச் சொல்லிவைக்கிற அறிவிப்பு) அறிவிச்சுப்போட்டுது. ஸ்பாமை மறிக்க நல்ல வேலைதான். ஆனா குழு என்ன செய்யுது, யாஹூக்காரர் எழுதினதை வாங்கி, தலைப்பில குழுப் பேரை ஒட்டி, அடியில ரெண்டு வரி சேர்த்து, தன்ர சேர்வர்ல இருந்து அனுப்புது. தலைப்பில கை வைச்சவுடன டி.கே.ஐ.எம் எண்ட, மெயிலை ஆரும் மாத்தேல்லையெண்டு காட்டுற டிஜிட்டல் கையெழுத்து உடைஞ்சுபோகும், எஸ்.பி.எஃப், அதாவது ஒரு டொமைனுக்காக எந்த சேர்வர் அனுப்பலாம் எண்ட பட்டியல், குழுவின்ர டொமைனுக்குத்தான் பொருந்தும், யாஹூவுக்குப் பொருந்தாது, ஜிமெயில் வாசல்லயே திருப்பி விட்டிடும். கூத்து என்னெண்டா எழுதினவருக்கு ஒண்டும் தெரியாது, மெயில் திரும்பினா மெயில்மேன் போடுற பௌன்ஸ் புள்ளி ஏறுறது வாங்கவேண்டியவையின்ர தலையில.

நான் பார்க்கிற பழைய மாணவர் குழுவில சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரேக்க, யாஹூ வைச்சிருக்கிற அண்ணை ஒராள் வீதிச் சோடனையைப் பற்றி அஞ்சு இரவும் எழுதினார். மெயில்மேன்ல நாளைக்கு ஒரு புள்ளிதான் ஏறும், அஞ்சானா நிப்பாட்டும். ஆறாம் நாள் காலமை பார்த்தா அறுவது பேர் கிட்ட நிப்பாட்டிக் கிடக்கு, அண்ணை "ஏன் ஒருத்தரும் பதில் போடேல்ல" எண்டு மனவருத்தத்தில இருக்கிறார். இப்பிடி மறிச்சா வாற, 5.7 எண்டு தொடங்கிற நம்பரை முதல் நாளே பார்த்திருந்தா பிடிச்சிருக்கலாம், நானும் பார்க்கேல்ல.

டிமார்க் செட்டிங்கில "மஞ்ச் ஃப்ரம்" எண்டதைப் போடுங்கோ, அனுப்புநர் இடத்தில குழு அட்ரஸ் வரும், எழுதினவரின்ர பேர் நிக்கும். 2.1.18க்கு முந்தின மெயில்மேன் எண்டா இனியாவது மாத்துங்கோ. நிப்பாட்டின ஆக்களை நீங்களே திறந்துவிடுங்கோ, இல்லாட்டி கிழமைக்கு ஒண்டா மூண்டு எச்சரிக்கை போய் ஆளையே நீக்கிப்போடும். யாஹூ ஆக்களைக் கலைச்சுவிடட்டா எண்டு கேட்டவருக்கு: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவீங்களா?

தம்பலகாமம் வாசகர்: நான் அனுப்பாத மெயில் எனக்கு பௌன்ஸ் ஆகி வருகுது.

ஆரோ உங்கட அட்ரஸைப் போட்டு ஸ்பாம் அனுப்பியிருக்கிறான். சென்ட்டுக்குள்ள அது கிடந்தா உடன பாஸ்வேர்டை மாத்துங்கோ, கிடக்காட்டி அழிச்சுப்போட்டு விடுங்கோ. அட்டாச்மென்ட்டைத் திறக்கவேண்டாம்.

அதே வாசகர்: லீவில நிக்கிறன் எண்டு வாறதும் பௌன்ஸா?

இல்ல.

மூதூர் வாசகர்: எங்கட சேர்வர் 20 எம்பி எடுக்கும். 17 எம்பி மலர் ஏன் திரும்பினது?

மெயில்ல போகேக்க ஃபைல் மூண்டில ஒரு பங்கு வீங்கும், 17 எண்டது 23 ஆகிட்டுது. டிரைவ்ல போட்டு லிங்க்கை அனுப்புங்கோ, கிண்ணியா சேரின்ர பெட்டி ஏற்கனவே நிரம்பித்தான் கிடக்கு.