சீட்டு வாங்கித் தர யாரும் வேண்டாம்

கேள்வி: சென்னை கண்ணகி நகரில் இருக்கிறோம். நான் வீட்டு வேலைக்குப் போகிறேன். மகள் மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ, ஃபர்ஸ்ட் குரூப். எட்டாவது வரை தனியார் பள்ளியில் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்தில் படித்தாள். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்கிறாள். "தனியார் பள்ளியில் படித்தவளுக்கு அரசுப் பள்ளி கோட்டா கிடையாது. 15,000 ரூபாயும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கொடுங்கள், நான் ஃப்ரீ சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று ஏரியாவில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். அவர் சொன்ன முதல் வரியே தப்பு.

தமிழ்நாட்டில் அரசு நடத்தும் இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ மார்க்கை வைத்து 200க்குக் கட் ஆஃப் போடுவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கி 2021இல் சட்டமே வந்துவிட்டது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அந்த ஆள் சொல்லும் ஃப்ரீ சீட்டு இதுதான். உங்கள் மகளுக்குச் சட்டப்படி உள்ளதை உங்களுக்கே விலை பேசுகிறார்.

இனி ஆர்டிஇ விஷயம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இந்த 7.5 சதவீதத்தில் வருவார்கள். உங்கள் மகள் அப்படியே பொருந்துகிறாள். மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்குத்தான். ஆனால் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது பொருந்தாது. அதனால் 'ஆர்டிஇ-யில் படித்தாள்' என்று வாயால் சொன்னால் போதாது, பழைய பள்ளி எழுத்தில் தர வேண்டும். இழுத்தடிப்பார்கள். பிள்ளை எங்கே, எப்படிப் படித்தது என்பதெல்லாம் கல்வித் துறையின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்போது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாய் எதற்கு அலைய வேண்டும்? இருந்தாலும் அலைந்து வாங்கிவிடுங்கள்.

புரோக்கர்கள் இரண்டு வேலை செய்வார்கள். ஒன்று, கலந்தாய்வுப் பக்கமே விடாமல் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நேரடியாகச் சேர்க்கும் இடத்தில், சேர்த்துவிடுவது. அப்படிச் சேர்ந்தால் 7.5 சலுகையும் போச்சு, முதல் தலைமுறை பட்டதாரி சலுகையும் போச்சு. இரண்டாம் வருடம் ஃபீஸ் கேட்கும்போதுதான் தெரியும். வெளியே வரலாம் என்றால் ஒரிஜினல் கல்லூரியிடம் இருக்கும். ஒரிஜினலைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி சொல்லியிருக்கிறது. சுற்றறிக்கை போட்டால் வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள், யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இன்னொன்று ஓடிபி. சேவை மையத்தில் ஒரு பையனைப் பார்த்தேன், கட் ஆஃப் 170க்கு மேல். அவன் விருப்பப் பட்டியலைத் திறந்தால் மூன்றே கல்லூரி, மூன்றும் ஒரே நிர்வாகத்துடையது. பதிவில் இருந்த போன் நம்பர் புரோக்கருடையது, ஓடிபி அவருக்குத்தான் போகும், பட்டியலை லாக்கும் செய்தாகிவிட்டது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. டோக்கன் சீட்டை விரலில் சுருட்டிக்கொண்டே, "அண்ணன்தான் போட்டார் சார்" என்றான். பிளஸ் டூ வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கலந்தாய்வைச் சொல்லிக் கொடுத்தால் இந்த வியாபாரமே படுத்துவிடும். எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

"நம்ம ஏரியாப் பிள்ளைக்கு இன்ஜினீயரிங் எதற்கு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கட் ஆஃப் போடும்போது முகவரியைப் பார்ப்பதில்லை. கணக்கு மார்க் 100க்கு அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். அதாவது கணக்கில் ஒரு மார்க், இயற்பியலில் இரண்டு மார்க்குக்குச் சமம். தேர்வு வரைக்கும் தினமும் கணக்குக்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

சரி, இந்த வாரமே பழைய பள்ளிக்குப் போய் ஆர்டிஇ சான்றைக் கேளுங்கள். சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறை பட்டதாரி சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். பதிவு தொடங்கியதும் அரசின் சேவை மையத்துக்கு மகளோடு நீங்களும் போங்கள். போன் நம்பர் உங்களுடையதாகவோ அவளுடையதாகவோ இருக்கட்டும், பாஸ்வேர்டை அவளே தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.