மைனஸ் 14 பவர்: இரத்த ஓட்டத்தைக் கூட்ட மாத்திரை உண்டா?

குடியாத்தத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் கேட்கிறார்: "சிறு வயதிலிருந்தே கண்ணாடி அணிகிறேன், இப்போது பவர் மைனஸ் 14. ஓராண்டாகப் பார்வை மங்குகிறது. கண்ணுக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா?"

அம்மா, மைனஸ் 14 என்பது கடும் கிட்டப்பார்வை. இதில் மெலிந்துபோகும் கண்ணின் இரத்தநாளப் படலத்துக்கு இரத்தத்தை மீட்டுத் தந்து பார்வையைத் திருப்பும் மாத்திரை எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. சராசரியாக 24 மில்லிமீட்டர் அளவுள்ள விழி, கடும் கிட்டப்பார்வையில் 26 மில்லிமீட்டரையும் தாண்டி நீளும்போது, விழித்திரைக்குப் பின்னாலிருந்து அதற்கு ஊட்டமளிக்கும் கோராய்டு என்னும் இரத்தநாளப் படலமும் இழுபட்டு மெலிகிறது. ஓட்டம் குறைவது பெரும்பாலும் இந்த மெலிவோடு சேர்ந்து வருவது. அதனால்தான் இரத்தத்தை இளக்கும் மாத்திரையோ மூலிகைப் பொடியோ இதைச் சீராக்குவதில்லை.

ஆனால், "இரத்த ஓட்டக் குறைவு" என்ற ஒரே சொல்லோடு பரிசோதனையை நிறுத்திவிடுவதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது. கடும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண்புரை சற்று முன்னதாகவே வரலாம். அது அறுவை சிகிச்சையில் சரியாகும். கண்ணின் அழுத்தத்தால் பார்வை நரம்பு பழுதாகும் குளுக்கோமா இருந்தால் சொட்டு மருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய பார்வையைக் காக்கலாம். மெலிந்த படலத்திலிருந்து புதிய நாளங்கள் முளைத்துக் கசிந்தால், நேர்க்கோடுகள் வளைந்து தெரியும், அல்லது பார்வையின் நடுவில் கரும்புள்ளி நிற்கும். ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தி இதைக் கட்டுப்படுத்தலாம். தழும்பு விழுவதற்கு முன் தொடங்கினால், பலருக்குப் பார்வை ஓரளவு மேம்படவும் செய்கிறது.

ஆகவே வேலூர் ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனை போன்ற இடத்தில் விழித்திரை மருத்துவரைப் பார்த்து, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்து, தேவையானால் கண்ணின் இரத்தநாளங்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமும் செய்துகொள்ளுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

வீட்டில் நாள்தோறும், கண்ணாடியுடன் ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் மாத நாள்காட்டியின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடு புதிதாக வளைந்தால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் செல்லுங்கள். மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரென மிதக்கும் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை கிழிந்ததையோ பிரிவதையோ காட்டக்கூடும் என்பதால், அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.