கேம்பர் டிரெய்லரின் சஸ்பென்ஷனை உயர்த்தி கிரவுண்ட் கிளியரன்ஸைக் கூட்டுவது எப்படி?

கேள்வியில் சொல்லியிருப்பது: ஒற்றை ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) கேம்பர் டிரெய்லர் (கூடாரம் விரிக்கும் இழுவண்டி), லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்), ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே ஓடுகிறது, கரடுமுரடான பாதையில் அடி தட்டுகிறது, நாலைந்து அங்குலம் உயர்த்த வேண்டும்.

உயர்த்தலாம். உயர்த்துவதற்கு இருப்பதிலேயே எளிய அமைப்பு உங்களுடையதுதான். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், தண்ணீர் டேங்கை நிரப்பி, வழக்கமாகக் கொண்டுபோகும் சாமானையெல்லாம் ஏற்றிவிட்டு, டிரெய்லருக்கு அடியில் ஒரு டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். எது தட்டுகிறது என்று கீறல்களே சொல்லிவிடும். கழிவுநீர்க் குழாயின் முனையோ, நிறுத்தும் கால்களின் பாதமோ மட்டும் தேய்ந்திருந்தால் அதை மேலே தூக்கிக் கட்டினால் போதும். ஒரு குழாய்க்காக முழு டிரெய்லரையும் உயர்த்துவது வீண் வேலை.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்ஸில் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. ஆக்ஸிலின் உயரத்தை முடிவு செய்வது டயர் மட்டுமே. சஸ்பென்ஷனை உயர்த்தினால் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), டேங்க், பின்பக்கத் தொங்கல் இவைதான் உயரும். ஆகவே கீறல் டேங்கிலும் பின் பம்பரிலும் இருந்தால் சஸ்பென்ஷனை உயர்த்துங்கள்; ஆக்ஸில் குழாயிலேயே இருந்தால் டயரைப் பெரிதாக்குங்கள். உங்களைப் போல ஸ்பிரிங் கீழே இருக்கும் வண்டிகளில் மூன்றாவதாக ஒன்றும் நடக்கும்: ஆக்ஸிலைவிடத் தாழ்வாக ஸ்பிரிங்கும், அதன் அடித்தகடும், இரண்டையும் சேர்த்துக் கட்டும் யு-போல்ட்டின் நட்டுகளும் தொங்கிக்கொண்டிருக்கும். கல் முதலில் இடிப்பது அங்கேதான். மரை நசுங்கிப்போன யு-போல்ட் முனைகளைப் பார்த்தாலே தெரியும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றினால் இந்தத் தொல்லையும் சேர்ந்தே தீரும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பழைய ஸ்பிரிங் தொய்ந்துபோயிருக்கலாம். சுமை ஏற்றியதும் பட்டைகள் நேராகிவிட்டாலோ, வளைவு எதிர்ப்பக்கம் திரும்பினாலோ முதலில் அதே சுமைத்திறனுள்ள புது ஸ்பிரிங் போட்டு அளந்து பாருங்கள். கூடுதல் பட்டை சொருகி உயரத்தை எடுக்காதீர்கள். உயரம் கொஞ்சம் கிடைக்கும். கூடவே வண்டி கல்லாக இறுகி, உள்ளே இருக்கும் அலமாரி ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

இனி முக்கிய வேலை. ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை மேலே கொண்டுவந்தால் எவ்வளவு உயரும் என்பது எளிய கணக்கு: ஆக்ஸிலின் தடிமன், ஸ்பிரிங் கட்டின் தடிமன், பழைய ஸ்பிரிங் சீட்டின் (ஆக்ஸிலில் ஸ்பிரிங் உட்காரும் தாங்கு தகடு) உயரம், புதிய சீட்டின் உயரம், நான்கையும் கூட்ட வேண்டும். குழாய் 60 மி.மீ., நான்கு பட்டை சேர்ந்து 28 மி.மீ., சீட் ஒவ்வொன்றும் 10 மி.மீ. என்றால் 108 மி.மீ., அதாவது நாலேகால் அங்குலம். உங்களுடையதை அளந்து போட்டுப் பாருங்கள். வேலை முடிந்தபின் வியப்பு எதுவும் இருக்காது.

"அப்படியானால் ஆக்ஸிலை அப்படியே தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடலாமே, வெல்டிங் மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். குழாய் ஆக்ஸில்கள் பெரும்பாலும் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும். இந்த வளைவின் பெயரும் கேம்பர்தான். தமிழில் எழுதினால் வண்டியின் பெயரும் இதுவும் ஒன்றாகிவிடுவதால் இங்கே வளைவு என்றே வைத்துக்கொள்வோம். சுமை ஏறியதும் அந்த வளைவு நிமிர்ந்து சக்கரங்கள் செங்குத்தாக நிற்கும். தலைகீழாக மாட்டினால் சக்கரங்களின் மேல்விளிம்பு உட்பக்கம் சாயும், சுமை அதை இன்னும் சாய்க்கும், டயரின் உள்விளிம்பு சீக்கிரமே வழுக்கையாகிவிடும். ஹப்புக்கு ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால் வளைவு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நேரான சதுரக் கம்பி ஆக்ஸிலாக இருந்தாலும் திருப்புவதற்கு முன் பிரேக் பிளேட்டின் நிலை, ஒயர் வெளிவரும் இடம் எல்லாம் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும். ஆக்ஸிலை அதே நிலையில் விட்டுவிட்டு மேற்பக்கத்தில் புது சீட் வெல்ட் செய்வதே சரியான வழி.

சீட் வைப்பதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. பழைய சீட்டுக்கு நேர் எதிரே, சரியாக 180 பாகையில், இரண்டு சீட்டுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆக்ஸிலைத் தாங்கியில் கிடத்தி, பழைய சீட்டின் முகத்தில் ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்துப் பூட்டிவிட்டு, புது சீட்டிலும் அதே மட்டம் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று பாகை திரும்பினாலே வளைவும் திரும்பி, சக்கரங்களின் கோணம் கெடும். வெல்டை ஆக்ஸிலின் நீளவாக்கில், சீட்டின் இரண்டு விளிம்புகளிலும் மட்டும் போடுங்கள். குழாயைச் சுற்றி வளையமாகப் போடாதீர்கள். பின்னால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரே மூச்சில் போடாமல் இடது, வலது என்று மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாகப் போட்டு ஆறவிடுங்கள். மேற்பக்கம் மட்டும் சூடாகிச் சுருங்கினால் ஆக்ஸிலின் முனைகள் மேலே இழுபடும். வெல்டிங் எர்த்தை வெல்டுக்குப் பக்கத்தில் ஆக்ஸிலிலேயே மாட்டுங்கள். ஹப்பிலோ சக்கரத்திலோ மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி விழும். வண்டியை ஒட்டி வெல்டிங் நடப்பதாக இருந்தால் பேட்டரி, சோலார் கன்ட்ரோலர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, கேஸ் சிலிண்டரையும் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். வெல்டிங்கில் தேர்ந்த கை இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றதையெல்லாம் நீங்களே செய்யலாம்.

கழற்றும் வரிசை இது. சாமானை இறக்கி, டேங்கைக் காலி செய்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்தி, ஜாக்கியைச் சேசிஸுக்குக் கொடுத்துத் தூக்கி, நான்கு மூலையிலும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பிரேக் ஒயர் அல்லது கேபிளைக் கழற்றி, ஆக்ஸிலைத் தாங்கிப் பிடித்தபடி யு-போல்ட்டுகளை எடுங்கள். இப்போது ஆக்ஸில் ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் தகடான ஷாக்கிளின் போல்ட்டை உருவி ஸ்பிரிங்கைக் கீழே தொங்கவிட்டால்தான் அது வெளியே வரும். கையோடு புஷ்களையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் மாற்றிவிடுங்கள். அவற்றை மாற்ற இதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

திரும்ப மாட்டும்போது மறந்துவிடக்கூடியது, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட். ஸ்பிரிங் சீட்டின் நடுத்துளையில் உட்காருவது அதன் தலைதான். ஸ்பிரிங் கீழே இருந்தபோது பல வண்டிகளில் அந்தத் தலை மேல்நோக்கி இருக்கும். இப்போது சீட் ஸ்பிரிங்குக்கு அடியில் வருவதால் தலை கீழ்நோக்கி இருக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் படீரென்று விரிந்து விரலைப் பதம் பார்க்கும். தலை துளையில் சரியாக உட்காராமல் யு-போல்ட்டை முறுக்கினால் ஆக்ஸில் கோணலாக நின்றுவிடும். யு-போல்ட்டைக் கீழிருந்து ஆக்ஸிலைச் சுற்றி மேலே கொண்டுவந்து, தகட்டையும் நட்டையும் ஸ்பிரிங்குக்கு மேலே வையுங்கள். கல் படும் பக்கம் வழவழப்பாக இருக்கும். ஒருமுறை முறுக்கிய யு-போல்ட் நீண்டுவிடும் என்பதால் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. அரை அங்குல யு-போல்ட்டுக்கு 60 முதல் 95 நியூட்டன் மீட்டர் வரை என்பது பொதுவான அளவு. ஆக்ஸில் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. குறுக்காக மாற்றி மாற்றி, மூன்று நான்கு சுற்றில் முறுக்குங்கள்.

முறுக்கி முடித்ததும் கப்ளரின் (இழுக்கும் வண்டியோடு இணையும் முன்முனை) நடுவிலிருந்து ஆக்ஸிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வண்டி நண்டுபோல ஒருசாய்ந்து ஓடும்.

பிரேக் கேபிளும் ஷாக் அப்சார்பரும் அடுத்து. ஆக்ஸில் சேசிஸைவிட்டு 108 மி.மீ. விலகிப் போயிருக்கிறது. பழைய நீளக் கேபிள் இப்போது இழுபட்டு நிற்கும், கைபிரேக் போடாமலே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். எலெக்ட்ரிக் பிரேக் என்றால் ஒயரை நீட்டி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஒரு தொய்வு மிஞ்சுமாறு கட்டுங்கள். ஷாக் அப்சார்பர் இருந்தால் அது வண்டி நிற்கும் உயரத்தில் நீளவும் அமுங்கவும் ஏறக்குறைய சமமான இடம் மிஞ்சும் நிலையில் இருக்க வேண்டும். முழுக்க நீண்டுவிட்ட நிலையில் விட்டால் முதல் பள்ளத்திலேயே மவுண்ட் பிய்ந்துவிடும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேசிஸுக்கும் ஸ்பிரிங் ஹேங்கருக்கும் (ஸ்பிரிங் முனைகள் தொங்கும் பிராக்கெட்) நடுவே 50 மி.மீ. சதுரக் குழாய் கொடுப்பது நல்ல முறைதான். ஹேங்கர்கள் பக்கவாட்டில் ஆடாதபடி குறுக்குக் குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். நீளமான ஷாக்கிள் போடுவது மலிவு, ஆனால் கூட்டிய நீளத்தில் பாதிதான் ஆக்ஸில் இருக்கும் இடத்தில் உயரமாகக் கிடைக்கும், வண்டியும் பக்கவாட்டில் அலையும். ரப்பர் டார்ஷன் ஆக்ஸிலாக இருந்தால் அதன் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே தயாரிப்பாளர் கொடுக்கும் லிஃப்ட் பிராக்கெட்டைப் போல்ட் போட்டு மாட்டலாம். அந்தக் குழாயில் மட்டும் வெல்டிங் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வெந்துவிடும். தனித்தனிக் கையுள்ள காயில் ஸ்பிரிங் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் பல அமைப்புகளில் சக்கரக் கோணமும் மாறும், ஆகவே அலைன்மென்ட் செய்ய வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

டயரைப் பெரிதாக்குவதில் கிடைப்பது விட்டத்தின் வித்தியாசத்தில் பாதி. 650 மி.மீ. விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 734 மி.மீ.; ஆக்ஸில் 42 மி.மீ. உயரும். இழுக்கும் வண்டியின் டயர் அளவும் போல்ட் அமைப்பும் டிரெய்லருக்கு ஒத்துவந்தால் ஸ்டெப்னி ஒன்றே இரண்டுக்கும் ஆகும், கரடுமுரடான பாதையில் இது பெரிய நிம்மதி. விலையும் உண்டு: பிரேக் டிரம் அதேதான், ஆரம் கூடிவிட்டது, ஆகவே தரையில் பிடிக்கும் விசை இந்தக் கணக்கில் 11 சதவீதம்போலக் குறையும். ஸ்பிரிங் முழுக்க அமுங்கினாலும் டயர் மட்கார்டில் உரசாது என்பதை, ஸ்பிரிங்கைக் கழற்றி ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் அதற்குமேல் ஏறாமல் தடுக்கும் கட்டை) தொடும்வரை தூக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

உயர்ந்த டிரெய்லரை இழுக்கும் வண்டியின் பழைய ஹிட்சிலேயே (பின்பக்க இணைப்பு) மாட்டினால் மூக்கு கீழே குத்தி நிற்கும். சேசிஸ் மட்டமாக வரும்வரை டோ பாலை (கப்ளர் உட்காரும் உருண்டை) உயர்த்த வேண்டும். பல நாடுகளில் டோ பாலின் உயரத்துக்கும் சஸ்பென்ஷன் மாற்றத்துக்கும் வரம்பு உண்டு. சான்றிதழும் காப்பீட்டாளரின் ஒப்புதலும் வேண்டுமா என்பதை வெல்டிங்குக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையமும் மேலே போகிறது. சக்கர இடைவெளி 1.6 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிரெய்லரை 108 மி.மீ. உயர்த்தினால் கவிழ்வதற்கு எதிரான தாங்குதிறன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கனமான பொருட்களைத் தரைமட்டத்தில், ஆக்ஸிலுக்கு அருகில் வையுங்கள். கூரைமேல் இருக்கும் படகையும் ஜெர்ரி கேன்களையும் இறக்கிவிடுவது நல்லது.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று கூடாரம். தரைவிரிப்போடு சேர்த்துத் தைத்த கேம்பர் கூடாரங்களில் துணிச்சுவரின் உயரம் பழைய வண்டி உயரத்துக்கு வெட்டப்பட்டது. நாலு அங்குலம் தூக்கியதும் தரைவிரிப்பு அந்தரத்தில் தொங்கும், மூலைத் தையல்கள் இழுபட்டுப் பிரியும். வண்டியோடு சேரும் விளிம்பில் அதே கேன்வாஸில் ஒரு துண்டு தைத்து நீட்ட வேண்டும். ஏணியும், நிறுத்தும் கால்களும், முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி வீலும் குட்டையாகிவிடும். மடித்து விரிக்கும் கெட்டித் தரை என்றால் அதன் கால்களும் அப்படியே.

ஓட்டத் தொடங்கியபின் சக்கர நட்டுகளை 15, 40, 80 கிலோமீட்டரில் திரும்ப முறுக்குங்கள். யு-போல்ட்டுகளை 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள். பெயின்ட் நசுங்குவதால் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். முதல் நிறுத்தத்தில் இரண்டு ஹப்புகளிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தொட முடியாத சூடாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் கேபிள் இன்னும் இழுபட்டே இருக்கலாம்.