மூக்கு நுனிக்கு மறுபடியும் அறுவையா?

கேள்வி: எனக்கு 29 வயது. மூக்கின் நுனியைச் சிறிதாக்க எட்டு மாதங்களுக்கு முன் அறுவை செய்துகொண்டேன். இப்போது நுனி கிள்ளிவிட்டதுபோல் ஒடுங்கியிருக்கிறது. மூச்சை வேகமாக இழுத்தால் வலது துவாரம் ஒட்டிக்கொள்கிறது. காதுக் குருத்தெலும்பை வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார்கள். உடனே செய்யலாமா?

பதில்: உடனே வேண்டாம். மூக்கில் கடைசியாக வீக்கம் வடிவது நுனியில்தான். குறைந்தது ஓராண்டு, தோல் தடிப்பாக இருந்தால் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். உள்ளே தழும்பு இளகுவதற்குள் மறுபடி திறப்பது, காயாத சுவரில் சுண்ணாம்பு அடிப்பதுபோல.

தோற்றத்தைவிட, துவாரம் ஒட்டிக்கொள்வதாக நீங்கள் எழுதியதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூக்கின் ஓரமாகக் கன்னத்தில் விரல் வைத்து, வெளிப்பக்கம் மெல்ல இழுத்தபடி மூச்சிழுத்துப் பாருங்கள். காற்று எளிதாகப் போனால், பக்கச் சுவர் வலுவிழந்திருக்கக்கூடும். நுனியைச் சிறிதாக்கும் ஆர்வத்தில் குருத்தெலும்பை அளவுக்கு மீறி வெட்டினால் வரும் வினை இது. எனவே மறு அறுவையில் பெரும்பாலும் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இழந்த தாங்கலைத் திரும்பக் கொடுப்பதுதான் வேலை. மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை, குடைத்துணிக்குக் கம்பி கொடுப்பதுபோல் உள்ளே வைத்துத் தைப்பார்கள்.

அதை எங்கிருந்து எடுப்பது? முதல் தேர்வு மூக்கின் நடுச்சுவர். நேராகவும் உறுதியாகவும் இருக்கும்; ஆனால் முதல் அறுவையிலேயே எடுத்திருக்கலாம். காதுக் குருத்தெலும்பு வளைந்தது, மென்மையானது. நுனியின் வளைவுக்குப் பொருந்தும். காதின் வடிவமும் பெரும்பாலும் மாறாது. சரிந்த நுனியை நிமிர்த்தத் தூண் வேண்டுமென்றால் அது போதாது. விலா எலும்பை ஒட்டிய குருத்தெலும்புதான் வழி. அதற்கு விலையாக மார்பில் ஒரு தழும்பும் சில நாள் வலியும் உண்டு. வைத்த துண்டு பின்னாளில் வளைந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது.

இடைக்காலத்தில் பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே அறுவை நடந்த மூக்கில் ரத்த ஓட்டம் மாறியிருக்கும். ஊசி மருந்து ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.

பழைய மருத்துவமனையில் அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அறுவைக்கு முந்தைய புகைப்படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் நடுச்சுவரைச் சோதித்துப் பார்க்காமலே ‘காது போதும்’ என்று சொல்பவரிடம் தேதி வாங்காதீர்கள்.