ஹட்டனில் பாசி பிடித்த புல்தரை: யூரியாவை நிறுத்துங்கள்

வணக்கம். இரண்டு முறை யூரியா போட்டும் புல் மஞ்சளாகி, இடையிடையே பாசி படர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பசளையை இப்போதைக்கு நிறுத்துங்கள், குறை மண்ணில்தான் இருக்கும். நம் பக்கத்து மண் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண், தேயிலை பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரையில் நன்றாக வளரும், ஆனால் புல்லுக்கு 6 பக்கம் வேண்டும்.

முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள். புளிப்பு என்று தெரிந்தால், தேயிலை மலைக்குப் போடும் அதே டொலமைட்டை, அதாவது புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூளை, சதுர மீற்றருக்கு 100 கிராம் அளவில் தூவுங்கள். பலன் தெரியச் சில மாதமாகும், பொறுத்திருங்கள். டொலமைட்டோடு யூரியாவைச் சேர்த்துப் போட்டால் சத்து ஆவியாகப் போய்விடும், இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அப்புறம் தண்ணீர். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து வெறுங்காலோடு நடந்து பாருங்கள், சொதசொதவென்று இருக்கும் இடத்தில் பாசி எளிதாக வரும். அங்கே தோட்டத்து முள்ளை (மண் கிளறும் முட்கரண்டி) நான்கு அங்குலம் இறக்கி, லேசாக அசைத்து எடுங்கள், அரை அடிக்கு ஒரு குத்து. என் வீட்டு வாசலில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கைகொடுத்தது. மரக்கிளை மறைத்தால் கொஞ்சம் கவ்வாத்து செய்து வெயில் விழ விடுங்கள்.

வெட்டும்போது மொட்டையடிக்க வேண்டாம், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டினால் போதும். ஈரப் புல்லில் கத்தி வைக்கவே வைக்காதீர்கள்.