திருநாவுக்கு, இங்கே வா!

கேள்வி: எங்கள் பேரனுக்கு அப்துர் ரஹ்மான் என்று பெயர் வைத்தோம். பள்ளியில் ‘அப்துல்’ என்றே கூப்பிடுகிறார்கள். கூப்பிட எளிதாக இருக்கிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்துல் என்பதற்கு நல்ல பொருள்தானே?
– வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: எளிதாக இருக்கிறது என்பதற்காகத் திருநாவுக்கரசைத் ‘திருநாவுக்கு’ என்று கூப்பிடுவோமா? “திருநாவுக்கு, இங்கே வா. திருநாவுக்கு, வீட்டுப்பாடம் எங்கே?” உங்கள் பேரனுக்கு நடப்பது அதேதான். ‘அப்த்’ என்றால் அடியான். அடுத்து வரும் உகரம் அரபு இலக்கணத்தில் எழுவாய்க்கு உரிய ஈறு. கடைசி ‘ல்’ அந்தச் சொல்லுக்கே சொந்தமில்லை. பின்னால் வரும் சொல்லின் தலையில் இருக்கும் ‘அல்’ (ஆங்கிலத்தின் the போன்றது) தன் அகரத்தை இழந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, ‘இன்னாரின் அடியான்’ என்பதில் இன்னாரை விழுங்கிவிட்டால் மிஞ்சுவதுதான் அப்துல். அது பெயரே இல்லை, பெயரின் முன்பாதி.

பெயரின் உயிர் பின்பாதியில் இருக்கிறது. ரஹ்மான் என்றால் அளவற்ற கருணையாளன். ர-ஹ-ம என்ற அதே வேரிலிருந்துதான் கருப்பைக்கான அரபுச் சொல்லும் பிறந்தது. இஸ்லாத்துக்கு முன்பே யெமன் கல்வெட்டுகளில் ‘ரஹ்மானன்’ என்று இறைவனை அழைத்திருக்கிறார்கள். இறைவனுக்கு மிகப் பிரியமான பெயர்களாக நபிமொழி சொல்லும் இரண்டில் ஒன்று அப்துல்லாஹ், மற்றது அப்துர் ரஹ்மான். 756இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் உமையா அரச மரபின் ஆட்சியை நிறுவியவர் பெயரும் இதுதான். 929இல் அங்கே தன்னைக் கலீஃபாவாக அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான் பெயரும் இதுதான். இத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுச் சொல்லை வைத்துக்கொள்வதா?

அப்துலா அப்துரா என்ற சண்டையும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. நல் + நாள் = நன்னாள் என்று படித்தவர்களுக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. அரபு எழுத்து 28இல் 14 எழுத்துகளின் முன் ‘அல்’லின் லகரம் அந்தந்த எழுத்தாகவே ஒலிக்கும். ‘ஷம்ஸ்’ (சூரியன்) என்ற சொல்லில் அப்படி ஆவதால் இவற்றுக்குச் சூரிய எழுத்துகள் என்று பெயர். மீதி 14இன் முன் லகரம் அப்படியே நிற்கும். ‘கமர்’ (சந்திரன்) அப்படி நிற்பதால் அவை சந்திர எழுத்துகள். எனவே அப்துஸ் ஸலாம், அப்துன் நாஸிர், அப்துர் ரஹ்மான். ஆனால் அப்துல் காதர், அப்துல் கலாம். அரபியில் எழுதும்போது லகரத்தை எழுதத்தான் செய்வார்கள், ஒலிக்கத்தான் மாட்டார்கள். ஆகவே எழுத்தைப் பார்த்து எழுதுகிறவர் ‘அப்துல் ரஹ்மான்’ என்கிறார், காதால் கேட்டு எழுதுகிறவர் ‘அப்துர் ரஹ்மான்’ என்கிறார். இரண்டும் நியாயமே. கவிஞர் கவிக்கோ அப்துல் ரகுமான் தன் பெயரை ‘ரகுமான்’ என்று எழுதியதும் தமிழ் நாக்குக்கு ஏற்ற வடிவம்தான். அதைத் தவறென்று கடிதம் எழுதுகிறவர்களோடு எனக்கு என்றைக்கும் உடன்பாடில்லை.

ஆனால் ‘அபுல்’லை ‘அப்துல்’ என்று அச்சிடுகிறவர்களை மன்னிக்க முடியாது. அபுல் என்றால் ‘இன்னாரின் தந்தை’, அல்லது ஒன்றை மிகுதியாக உடையவர். மௌலானா ஆசாத் அபுல் கலாம்: சொல்லின் தந்தை. ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம். ஓர் எழுத்து கூடினால் தந்தை அடியான் ஆகிவிடுகிறார்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். கெடுதல் படிவத்தில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதினால், கணினி முதல் துண்டை ஒரு கட்டத்திலும் இரண்டாவதை இன்னொரு கட்டத்திலும் போடும். ‘அப்துல்’ பிறப்பது அங்கேதான். இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் அது முழுவதும் பெயர்க் கட்டத்தில் போகட்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பனார் பெயரைப் போடுங்கள், காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை 2022 நவம்பர் முதல் அமீரகம் ஏற்க மறுத்தது. பள்ளிப் பதிவேடு, ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

சுருக்கிக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ‘ரஹ்மான்’ என்றும் வேண்டாம். அது இறைவனுக்கே உரிய பெயர் என்று பலர் தயங்குவார்கள். அரபு வீடுகளிலேயே இதற்குச் செல்லப்பெயர்கள் உண்டு. அப்பூத் என்பார்கள். வளைகுடாப் பக்கம் தஹ்மான், தஹ்மி. தஹ்மி என்று கூப்பிட்டுப் பாருங்கள், பையன் திரும்பிப் பார்ப்பான்.